பள்ளியில் படிக்கிறார்கள், வாசிக்கிறார்களா?

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊர்ப் பொதுப்பணி என்றதும் சாலை, குடிநீர், தெருவிளக்கு, ஏரி மராமத்து ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிக்கூடத்தை நினைத்தால், கட்டடம் உண்டா, சுற்றுச்சுவர் உண்டா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறோம். இவை யாவும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் பள்ளி எதற்காக ஏற்பட்டதோ, அதைப் பற்றிய கேள்வியை நாம் கேட்பதில்லை. நம் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தைகளில் எத்தனை பேர், முன்பின் பார்த்திராத ஒரு சிறு கதையைத் தாமாகவே வாசித்துப் பொருள் சொல்லுவார்கள்? இக்கேள்விக்கு விடை தெரிந்த ஊர் எது?

“பையன் என்ன செய்கிறான்?” என்று கேட்டால், “மூன்றாவது படிக்கிறான்” என்கிறோம். பள்ளிக்குப் போய் வருகிறான் என்பதே அதற்குப் பொருள். எழுத்தைப் பார்த்து வாசிக்கிறான் என்று பொருளன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியும், அதைக் குறைக்க ஊராட்சி செய்யக்கூடியவற்றைப் பற்றியுமே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

வகுப்பு ஏறுகிறது, வாசிப்பு ஏறவில்லை

குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் தமிழ்நாடு பெருமை கொள்ளலாம். 1956-ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று. 1950-களின் இறுதியில் எழுந்த பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊர்மக்களே பணமாகவும் பொருளாகவும் உதவிப் பள்ளிகளை நிலைநிறுத்தினர். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டம் வந்தது. இன்று 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ அனைவருமே ஏதேனும் ஒரு பள்ளியில் பெயர் பதிந்துள்ளனர்.

ஆயினும், சேர்ந்தவர் அனைவரும் வாசிக்கின்றனர் என்று கூற இயலாது. ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நாட்டின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளை வாசிக்கச் செய்து, ‘அசர்’ என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டு வருகிறது. ஒரு தாளில் சில எழுத்துக்கள், சில சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை, இவையே சோதனை. அந்தந்த மாநில மொழியிலேயே அது நடைபெறுகிறது. அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பில் உள்ள கிராமக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க வல்லோர், இந்தியா முழுமைக்கும், 2018-இல் நூற்றுக்கு 20.9 பேர். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்த பின் 2022-இல் அது 16.3 ஆகக் குறைந்தது. 2024-இல் 23.4 ஆக உயர்ந்தது. ஐந்தாம் வகுப்பிலோ, அதே இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர் 2024-இல் 44.8 பேர்.

தமிழ்நாட்டிலும் இவ்வாறே குறைந்து பின்னர் உயர்ந்தது. ஆனால் 2022, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நம் மாநிலத்தின் மூன்றாம் வகுப்பு எண், நாட்டின் சராசரிக்குக் கீழேயே இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. நோயை மறைத்தால் மருந்து எட்டாது.

இதனால் விளையும் கேடு யாது? முதல் மூன்று வகுப்புகளில் குழந்தை வாசிக்கக் கற்கிறது. நான்காம் வகுப்பு முதல், கற்பதற்காக வாசிக்க வேண்டியிருக்கிறது. அறிவியல், வரலாறு மட்டுமன்றிக் கணக்கு கூட எழுத்து வடிவில்தான் வருகிறது. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு எல்லாப் பாடங்களின் கதவும் ஒரே நாளில் அடைபட்டு விடுகின்றன. ஆண்டுதோறும் வகுப்பு ஏறுகிறது, வாசிப்பு ஏறவில்லை. குழந்தை கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமரப் பழகிக் கொள்கிறது. எட்டாம் வகுப்பில், ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளையைப் பற்றி, “படிப்பு ஏறவில்லை” என்று சொல்லி விடுகிறோம். உண்மையில் அப்பிள்ளை மூன்றாம் வகுப்பிலேயே நின்று போனது; நாம் கவனித்தது மட்டுமே காலம் தாழ்ந்து.

நாளை அதே பிள்ளைதான் நிலப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டியவர். கூட்டுறவுச் சங்கக் கடன் தாளையும், பூச்சி மருந்துப் புட்டியில் உள்ள எச்சரிக்கையையும், பயிர்க் காப்பீட்டு நிபந்தனையையும் வாசிக்க வேண்டியவர். பிறர் வாசித்துச் சொல்வதை நம்பி வாழ்பவர் எவ்வளவு இழக்கிறார் என்பதைக் கிராமத்தில் வாழும் தங்களுக்கு நான் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

பேச்சு தானே வரும். எழுத்து தானே வாராது

குழந்தை பேசக் கற்பதற்கு வாத்தியார் தேவையில்லை. பேசுவோர் நடுவே வளர்ந்தால் போதும். வாசிப்பு அவ்வாறன்று. எழுத்து மனிதன் செய்த ஒரு கருவி. கண்ணால் காணும் வடிவத்தையும் காதால் கேட்கும் ஒலியையும் மூளையில் இணைக்கும் பழக்கம், படிப்படியாகக் கற்பித்தால் ஒழியப் பெரும்பாலோருக்கு வாராது. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நாளடைவில் தானே வந்துவிடும் என்று காத்திருப்பது, விதையை வரப்பில் வைத்துவிட்டு மழையை எதிர்பார்ப்பது போன்றது.

இது வெறும் அபிப்பிராயமா, சோதித்துக் கண்ட உண்மையா என்று தாங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். புதிய விதையை விற்க வருபவரிடம், “எங்கே விளைந்தது? எவ்வளவு கண்டது?” என்று உழவர் கேட்பதில்லையா? கல்வி முறையையும் அவ்வாறே கேட்பது நல்லது.

அதற்குரிய வழியைக் கல்வித் துறைக்குக் கொடுத்ததே வயல்தான் என்பது தங்களுக்கு மகிழ்ச்சி தரும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் பழமையான வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. 1919-இல் அங்குப் பணியேற்ற ரொனால்டு ஃபிஷர் என்ற கணித அறிஞர் ஒரு சிக்கலை ஆராய்ந்தார். உரமிட்ட பாத்தியில் விளைச்சல் கூடினால், அது உரத்தின் பயனா, அந்த மண்ணின் இயல்பான வளமா என்று எப்படி அறிவது? எந்தப் பாத்திக்கு உரமிடுவது, எதை விட்டுவிடுவது என்பதை ஆராய்ச்சியாளர் தாமே தேர்ந்தெடுக்காமல், சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானிக்க வேண்டும் என்று அவர் காட்டினார். பாத்திகள் பலவாக இருந்தால், வளமான மண்ணும் வளமற்ற மண்ணும் இரு பக்கத்திலும் ஏறத்தாழச் சமமாக விழும். அதன் பின்னும் வேறுபாடு தெரிந்தால், அது உரத்தின் பயனே. பாத்திக்குப் பதிலாகப் பள்ளியையும் கிராமத்தையும் வைத்து, உரத்துக்குப் பதிலாகக் கற்பிக்கும் முறையை வைத்து, இதே சோதனையை அறிஞர்கள் செய்துள்ளனர்.

சோதனைகள் கூறுவது என்ன?

ஆங்கிலம் பேசும் நாடுகளில், சொல்லை முழுப் படமாகக் காட்டி மனத்தில் பதிய வைப்பதா, எழுத்தின் ஒலியைக் கற்பித்துக் கூட்டி வாசிக்கச் செய்வதா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. அமெரிக்காவில் அரசு அமைத்த வல்லுநர் குழு, பல சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்துணர்தல், ஒலிக்குரிய எழுத்தை முறையாகக் கற்றல், தடையின்றி வாசித்தல், சொல்வளம், பொருளுணர்வு ஆகிய ஐந்தும் வேண்டும் என்பதே அதன் சாரம். இவற்றுள் ஒன்றை விட்டாலும் மற்றவை தளர்ந்து போகும்.

நம் நாட்டின் சோதனைகள் வேறொரு முக்கியமான செய்தியைக் கூறுகின்றன. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும், மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய குழந்தைகளைத் தனியே அழைத்து, அவ்வூர்ப் பெண்களே பள்ளி நேரத்தில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடங்களைக் கற்பித்தனர். ‘பால்சகி’, அதாவது குழந்தைகளின் தோழி, என்பது அவர்களுக்குப் பெயர். பின்னர் 2019-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோரும் வேறு சில அறிஞர்களும் இதை ஆராய்ந்தனர். அவ்வாறு உதவி பெற்ற பள்ளிகளில் குழந்தைகளின் தேர்ச்சி முதலாண்டே உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் மேலும் உயர்ந்தது.

அடுத்த சோதனை ஊராட்சி உறுப்பினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 2005-06-இல் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் அது நடைபெற்றது. கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே அங்குப் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. குழுவின் உறுப்பினர்களிலேயே சிலர், தாம் உறுப்பினர் என்பதை அறியாதிருந்தனர்! சில கிராமங்களில் கூட்டம் போட்டு, குழுவின் உரிமைகளை எடுத்துரைத்தனர். வேறு சில கிராமங்களில் அத்துடன், குழந்தைகளின் வாசிப்பைச் சோதித்துப் பார்க்கவும் ஊராருக்குக் கற்றுக் கொடுத்தனர். இன்னும் சில கிராமங்களில் இவற்றுடன், அவ்வூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி தந்து, பள்ளி நேரத்திற்குப் பின் வாசிப்பு வகுப்பு நடத்தச் செய்தனர். முதல் இரண்டு வகைக் கிராமங்களில் குழந்தைகளின் வாசிப்பில் மாற்றம் ஏதும் ஏற்படவில்லை. மூன்றாம் வகையில், வகுப்புக்கு வந்த குழந்தைகள் தெளிவாக முன்னேறினர். கூட்டமும் தீர்மானமும் மட்டும் குழந்தைக்கு எழுத்தைக் கற்றுத் தரமாட்டா. யாரேனும் ஒருவர் குழந்தையின் அருகில் அமர வேண்டும் என்பதே இதன் பாடம். எனினும் வகுப்புக்கு வந்த குழந்தைகளின் தொகை சிறியதே. தேவையுள்ள குழந்தையை வீடு தேடி அழைத்து வருவதும் பணியின் ஒரு பகுதி என்பதை இதனால் அறிகிறோம்.

அதே மாநிலத்தில் 2013-14-இல் வேறொரு சோதனை நடந்தது. மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளின் குழந்தைகளை, வகுப்பைப் பாராமல், வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழுக்களாகப் பிரித்தனர். எழுத்து மட்டும் அறிந்தோர் ஒரு குழு; சொல் வாசிப்போர் ஒரு குழு; பத்தி வாசிப்போர் ஒரு குழு. சில நாட்களுக்கு ஒரு முகாமாக, மொத்தம் சுமார் 50 நாள் கற்பித்தனர். ஆண்டிறுதியில், பத்தியோ கதையோ வாசிக்க வல்ல குழந்தைகள், முகாம் நடவாத பள்ளிகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காயினர்.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் வரை நம் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டு, தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளைகளில் தத்தம் தெருவிலேயே குழந்தைகளுக்குக் கற்பித்தனர். 220 கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் முதலிய அறிஞர்கள், இழந்த கல்வியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதங்களில் மீண்டதாகக் கண்டனர். அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு, இல்லம் தேடிக் கல்வியின் பயன் என்று கணக்கிட்டனர். பின்னர் 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை அரசுப் பள்ளிகளில் புகுந்தது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. வாசிப்பைப் பொறுத்தவரை ஐந்தில் வளையாதது பத்தில் வளையும். குழந்தை நிற்கும் இடத்துக்கு நாம் சென்று கற்பித்தால் போதும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, உழைப்பு கூடும்.

தமிழ் எழுத்தைக் கற்கும் படிகள்

தமிழில் 247 எழுத்துக்கள். பார்ப்பதற்கு மலைப்பாக இருக்கும். ஆயினும் அதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. இவை கூடிப் பிறப்பவை உயிர்மெய் 216. ‘ம்’ என்ற மெய்யும் ‘அ’ என்ற உயிரும் சேர்ந்தே ‘ம’ ஆகிறது என்று நம் இலக்கணம் கூறுகிறது. ஒலியைப் பிரித்துக் காட்டு என்று இன்றைய ஆராய்ச்சி சொல்லுவதும் இதுவே. இந்த ஒழுங்கைக் குழந்தை உணர்ந்துவிட்டால், 247 வடிவங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் சுமை நீங்கும்.

முதற்படி காதுக்கு உரியது. எழுத்தைக் காட்டுமுன், ‘மரம்’ என்ற சொல்லைக் கைதட்டி ம-ர-ம் என்று பிரிக்கச் செய்ய வேண்டும். “‘ம’வில் தொடங்கும் வேறு சொல் சொல்லு” என்று விளையாட வேண்டும். இதற்குப் பலகையும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். களை எடுக்கும் தாயும் வரப்பில் நிற்கும் குழந்தையோடு இதை விளையாடலாம்.

இரண்டாம் படி, சில எழுத்துக்களைக் கற்றவுடனே சொற்களாகக் கூட்டுவது. ட, ப, ம, ர என்ற நான்கும் மெய்ப்புள்ளியும் தெரிந்தால் படம், மரம், பட்டம், மட்டம் முதலிய சொற்கள் கைக்கு வந்துவிடும். எல்லா எழுத்தும் முடியட்டும், பிறகு சொல்லுக்குப் போகலாம் என்று காத்திருந்தால், எழுத்து எதற்கு என்பதே குழந்தைக்கு விளங்காது. பழைய திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டு ஒலித்தார்கள். கையும் கண்ணும் காதும் ஒருங்கே தொழிற்பட்ட அம்முறை இன்றும் போற்றத்தக்கது.

மூன்றாம் படியில்தான் குழந்தைகள் மிகுதியாக இடறுகின்றனர். ‘கெ’ என்பதில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. கு, சு, து, மு, ரு ஆகியவற்றில் உகரத்தின் வடிவம் ஒன்றுபோல் இல்லை. ல, ள, ழ என்பவையும், ந, ன, ண என்பவையும் குழந்தையின் காதுக்கு ஒன்றாகவே தோன்றும். கல், தங்கம், அகல் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து, வேண்டுமளவு பழக்க வேண்டும். கன்னட எழுத்துக்களைப் பற்றி சோனாலி நாக் என்ற அறிஞர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்து முறைகளில் எழுத்தறிவு நிறைவு பெறப் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டியது. ஆகவே முதல் வகுப்போடு எழுத்துப் பாடம் முடிந்தது என்று எண்ணுவது தவறு. வீட்டில் சொல்லிக் கொடுக்கும் முதியோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ணா, றா, னா, லை, னை முதலிய எழுத்துக்களின் வடிவம் 1978-இல் சீர்திருத்தப்பட்டது. தாங்கள் கற்ற பழைய வடிவம் குழந்தையின் புத்தகத்தில் இராது.

நான்காம் படி சரளம். ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி வாசிக்கும் குழந்தை, வாக்கியத்தின் முடிவுக்கு வருமுன் அதன் தொடக்கத்தை மறந்துவிடும். ஓட்டை வாய்க்காலில் விட்ட நீர் கடைமடைக்குச் சேராதது போல, பொருள் வழியிலேயே வற்றிவிடும். ஒரே சிறு பத்தியைப் பெரியவர் துணையுடன் மூன்று, நான்கு முறை வாய்விட்டு வாசிக்கச் செய்வதே இதற்குத் தக்க மருந்து.

ஐந்தாம் படி பொருள். குழந்தை வீட்டில் ‘மழ பேஞ்சுது’ என்று கேட்டு வளர்கிறது. புத்தகத்தில் ‘மழை பெய்தது’ என்று இருக்கிறது. ‘அவுங்க வந்தாங்க’ என்பது ‘அவர்கள் வந்தார்கள்’ என்று நிற்கிறது. எழுத்துக் கூட்டி வாசித்த பின்னும், இது தனக்குத் தெரிந்த மொழிதான் என்று குழந்தை அறிய வேண்டும். அதற்காகக் குழந்தையின் பேச்சைப் பழிக்கக் கூடாது. “இதை நம் வீட்டில் எப்படிச் சொல்வோம்?” என்று கேட்டு, இரண்டையும் இணைத்துக் காட்ட வேண்டும். பள்ளிக்குச் செல்லுமுன்பே கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டினால், நூல் வழக்கு குழந்தையின் காதுக்குப் பழகிவிடும்.

ஒன்றை எச்சரிக்கையாகக் கூற விரும்புகிறேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பாடத்தை ஒப்பிப்பது காதுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் ஏமாற்றும். படத்தைப் பார்த்தும் பக்கத்தில் உள்ளவரைக் கேட்டும் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். விரலோ வேறு வரியில் இருக்கும். படத்தைக் கையால் மறைத்து, நடுவில் உள்ள ஒரு சொல்லைச் சுட்டி, “இது என்ன?” என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஊராட்சியின் கடமை

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். வகுப்பில் 30 குழந்தைகள். ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையையும் தனியே ஒரு நிமிடம் வாசிக்கக் கேட்டாலும் 30 நிமிடம் ஆகும். வாரத்துக்கு ஐந்து நாள் விடாமல் கேட்டாலும், ஒரு குழந்தைக்குக் கிடைப்பது ஐந்தே நிமிடம். அதே ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த 10 பேர் முன்வந்து, ஆளுக்கு மூன்று குழந்தைகளை மாலையில் பத்துப் பத்து நிமிடம் வாசிக்கக் கேட்டால், ஒரு குழந்தைக்கு வாரத்தில் 50 நிமிடம் கிடைக்கும். ஒருவருக்கு நாள்தோறும் அரை மணி நேரமே செலவு. ஆசிரியரின் இடத்தை இது பிடிக்காது. ஆசிரியர் நட்ட நாற்றுக்கு இது தண்ணீர் பாய்ச்சும்.

ஊராட்சி செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, கணக்கு. ஆகஸ்டு 15-ஆம் நாள் கிராமசபைக்கு முன், தலைமையாசிரியரின் இசைவுடன், இரண்டு முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளின் குழந்தைகளைத் தனித்தனியே வாசிக்கச் செய்து, எழுத்து அறியாதோர், எழுத்து அறிந்தோர், சொல் வாசிப்போர், பத்தி வாசிப்போர், கதை வாசிப்போர் என்று ஐந்து பிரிவாக எண்ணிக்கை எடுங்கள். குழந்தையின் பெயரைச் சபையில் சொல்ல வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். சனவரி 26-இல் மீண்டும் எண்ணிப் பாருங்கள். விதைப்புக்கும் அறுவடைக்கும் கணக்கு வைப்பது போல, இதற்கும் ஒரு கணக்கு இருக்கட்டும். ஆனால் ஜான்பூரின் பாடத்தை மறவாதீர்கள்: எண்ணுவதோடு நின்றால் பயனில்லை.

இரண்டாவது, மாலை வாசிப்பு. 2006-க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. பூட்டிக் கிடக்கும் நூலகம் இருந்தால் திறந்து, விளக்குப் போட்டு, சிறுவர் கதைப் புத்தகங்கள் வையுங்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் கண்டது, 1948-இல், அன்றைய சென்னை மாகாணம்தான். வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்தும் ஊருக்கு, தன் குழந்தைகளுக்குப் புத்தகம் கேட்கும் உரிமை உண்டு. இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய பெண்கள் ஊரில் இருந்தால், அவர்களின் அனுபவத்தை முதலில் நாடுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவினரும் கல்லூரியில் பயிலும் இளைஞர்களும் துணை நிற்கலாம்.

மூன்றாவது, வருகை. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்ளவும், ஆடு மேய்க்கவும் குழந்தையை வீட்டில் நிறுத்துவது இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு புறப்படுவோரும் உள்ளனர். வாசிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் செங்கல் வரிசை. நடுவில் ஒரு வரிசை விடுபட்டால் மேல்சுவர் நில்லாது. அத்தகைய குழந்தை திரும்பி வரும்போது, எந்தப் படியில் நின்றது என்று பார்த்து அங்கிருந்து தொடங்க ஏற்பாடு வேண்டும்.

நான்காவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. குழுவில் யார் யார் உள்ளனர் என்பதைப் பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள். அதன் கூட்டத்தில் கட்டடக் கணக்கோடு வாசிப்புக் கணக்கும் பேசப்படட்டும்.

ஆசிரியரைக் குற்றம் சாட்டுவதற்கு இக்கணக்கைக் கருவியாக்கலாகாது. ஓராசிரியர் இரண்டு, மூன்று வகுப்புகளை ஒருங்கே வைத்துக் கற்பிக்கும் பள்ளிகள் நம் கிராமங்களில் உள்ளன. பழிக்கு அஞ்சினால் கணக்குப் பொய்யாகும். கணக்குப் பொய்யானால் குழந்தைக்கே நட்டம்.

சரியாகக் கற்பித்தும் சில குழந்தைகள் தடுமாறக் கூடும். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்யுங்கள். கற்றல் குறைபாடு என்ற ஒன்று உண்டு என்பதையும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை ஏற்றுக் கொண்டுள்ளது என்பதையும் அறிந்திருங்கள். ‘மக்கு’ என்ற சொல்லை ஊரைவிட்டே ஓட்டிவிடுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், நம்மால் என்ன ஆகும் என்று ஒதுங்கிவிட வேண்டாம். இரவு உணவுக்குப் பின் குழந்தையை அருகில் அமர்த்தி, “வாசி, கேட்கிறேன்” என்று சொல்லலாம். வாசித்து முடித்ததும், “என்ன கதை அது? எனக்குச் சொல்லு” என்று கேட்கலாம். சொல்லத் தெரிந்தால் குழந்தைக்குப் பொருள் விளங்கிற்று என்று அறியலாம். கேட்கும் காது ஒன்று வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால், வாசிக்கும் வாய்க்கு ஊக்கம் பிறக்கும்.

அன்பர்களே! சாலை போட நிதி வர வேண்டும். மதிப்பீடு வர வேண்டும். ஒப்பந்தம் முடிய வேண்டும். குழந்தையை வாசிக்கக் கேட்பதற்கு இவற்றுள் எதுவும் தேவையில்லை. ஊருக்குத் திரும்பியதும், மூன்றாம் வகுப்பில் உள்ள குழந்தை ஒன்றை அழைத்து, புதிய புத்தகம் ஒன்றில் நான்கு வரியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சரளமாக வாசித்தால் பாராட்டுங்கள். தடுமாறினால், மறுநாள் மாலை அதே நேரத்தில் வரச் சொல்லுங்கள். அந்த மறுநாள் முதற்கொண்டு உங்கள் ஊரின் பணி தொடங்கட்டும்.